பாலம் பாதியில நிக்குது, வட்டி மட்டும் நிக்காம ஓடுது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. நாட்டின்ட கடனைப் பற்றி உங்கட பேப்பரிலயும் மற்றப் பேப்பர்களிலயும் கிழமைக்கு ரெண்டு மூண்டு செய்தியாவது வருது, எல்லாம் பில்லியன் டொலர், வீதம், மறுசீரமைப்பு, தரப்படுத்தல் ஒரு படி ஏறினது எண்டு போகுது, வாசிச்சு முடிச்ச ஒரு சாதாரண ஆளுக்கு மிஞ்சிறது இது கொழும்பில பெரிய ஆக்கள் பேசித் தீர்க்கிற விசயம் எண்ட நினைப்பு மட்டும்தான். நான் திருகோணமலையில இருந்து எழுதிறன். எங்கட மாவட்டத்தில அந்தக் கடன் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியுது, வராத பஸ்ஸில தெரியுது, பாதியில விட்ட பாலத்தில தெரியுது, மாரி மழையில தார் போட்டு சித்திரை வருசத்துக்கு முன்னமே கிடங்கு விழுற ரோட்டில தெரியுது. அதைப்பற்றி ஆரும் இந்தப் பக்கத்தில இருந்து கணக்கோட எழுதினதை நான் பார்க்கல்ல, அதால கொஞ்சம் நீளமா எழுதிறன், இடம் குடுங்க.

முதல்ல ஒரு கதையைத் தெளிவாக்க வேணும். தேத்தண்ணிக் கடையில இருந்து ஃபேஸ்புக் வரைக்கும் எல்லாரும் சொல்றது, ரோட்டும் பாலமும் போட்டுத்தான் நாடு கடன்பட்டது எண்டு. அது பாதிக் கதை. 2007இல முதல் தடவையா வெளிநாட்டுச் சந்தையில முறி, அதாவது அரசாங்கக் கடன் பத்திரம், வித்து 500 மில்லியன் டொலர் எடுத்தாங்க, 8.25 வீத வட்டிக்கு. அதுக்குப் பிறகு அந்தப் பழக்கம் விடல்ல, பழைய முறிக்குக் காசு கட்ட புது முறி விக்கிறது எண்டு போய்க்கொண்டே இருந்தது. அந்தக் காசு எந்த ரோட்டுக்குப் போனது, எந்தச் சம்பளத்துக்குப் போனது, எந்த வட்டிக்குப் போனது எண்டு பிரிச்சுச் சொல்லவே ஏலாது, எல்லாம் ஒரே திறைசேரிப் பெட்டிக்குள்ள விழுந்தது. பிறகு 2019 கடைசியில வற் எண்ட பெறுமதி சேர் வரியை 15 வீதத்தில இருந்து ஒரேயடியா 8க்கு இறக்கினாங்க, அடுத்த வருசம் கொரோனா, டூரிஸ்ட் இல்ல, வெளிநாட்டில இருந்து வாற காசும் குறைஞ்சு போச்சு. 2019 முடிவில மொத்த உள்நாட்டு உற்பத்தியில 80 வீதத்துக்குக் கொஞ்சம் மேல நிண்ட அரசாங்கக் கடன் 2022 முடியேக்க 110 வீதத்தையும் தாண்டிட்டு. அந்த வருசம் ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாது எண்டு அறிவிச்சாங்க. இந்தக் கதையில ரோட்டும் இருக்கு, ஆனா வரியைக் கைவிட்டதும் வட்டிக்கு வட்டி ஏறினதும் ரோட்டை விடப் பெரிசா இருக்கு.

இதில எனக்கு ஆகக் கோபம் வாற இலக்கம் ஒண்டு இருக்கு. 2023இல அரசாங்கத்துக்கு வந்த மொத்த வருமானம் கிட்டத்தட்ட 3 ட்ரில்லியன் ரூபா, அதில வட்டிக்கு மட்டும் போனது 2.4 ட்ரில்லியனுக்கு மேல. அதாவது 100 ரூபா வந்தா 80 ரூபா வட்டி, முதல் வேற. அடுத்த வருசம் வற் வரி 18 ஆகினதால வருமானம் கூடி நிலைமை கொஞ்சம் இறங்கினது, அப்பயும் மூண்டில ரெண்டு பங்கு வட்டிக்குத்தான் போனது. மிச்சத்தில சம்பளம் குடுக்க வேணும், பென்சன் குடுக்க வேணும், மருந்து வாங்க வேணும், வறிய குடும்பங்களுக்கு அஸ்வெசும உதவிக்காசு குடுக்க வேணும், இவ்வளவுக்கும் பிறகு பஸ்ஸுக்கும் பாலத்துக்கும் என்ன இருக்கும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

கடன் எடுக்கிறது எல்லாமே பிழை எண்டு சொல்ற ஆளில்ல நான். மனிசியின்ட நகையை அடகு வச்சு வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கிறவனையும் அதே நகையை வச்சு குடிபூரலுக்கு பந்தல் போடுறவனையும் ஒரே கணக்கில சேர்க்க ஏலாது. எங்கட மாவட்டமே இதுக்கு சாட்சி. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், இலங்கையில ஆக நீளமான பாலம், சவூதி காசில கட்டி 2009 அக்டோபர் 20ஆம் திகதி திறந்தாங்க. அதுக்கு முன்னம் கிண்ணியாவில இருந்து ரவுணுக்கு வாறதெண்டா பாதைக்கு, அதாவது ஆக்களை ஏத்தித் தண்ணியைக் கடக்கிற மிதவைக்கு, வரிசையில நிக்க வேணும், காத்து அடிச்சா பாதை ஓடாது, பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டு வந்த பொம்பிளையும் அந்தக் கரையிலதான் நிக்க வேணும். மூதூர் சனம் லோஞ்சில கடலைக் கடந்து வந்த காலத்தை வயசானவங்களிட்ட கேளுங்க. மட்டக்களப்பு ரோட்டில ஒவ்வொரு ஆத்து வாயிலயும் ஒவ்வொரு பாதை, உப்பாறு, கங்கை, இறால்குழி எண்டு இறங்கி இறங்கி ஏற வேணும். அந்த இடங்களில பிரான்ஸ் அபிவிருத்தி முகவரகத்தின்ட காசில பாலம் வந்த பிறகுதான் திருகோணமலையும் மட்டக்களப்பும் ஒரே கரையில இருக்கிற ரெண்டு ஊராச்சு. மீன் லொறி, நெல்லு லொறி, ரியூஷனுக்குப் போற பிள்ளை, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வாற கிழவர் எல்லாரும் அதில போறாங்க. இப்பிடிப் பாலத்துக்கு எவ்வளவு செலவழிச்சாலும் நான் கேள்வி கேக்க மாட்டன்.

அதே காலத்தில தெற்கில என்ன நடந்தது? மத்தளையில 2013இல ஒரு சர்வதேச விமான நிலையம் திறந்தாங்க, அதுக்கு சீன எக்ஸிம் வங்கியில எடுத்த கடன் 190 மில்லியன் டொலர், ப்ளேன் வரல்ல. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின்ட முதல் கட்டத்துக்கு 307 மில்லியன் டொலர், வட்டி 6.3 வீதம், கடைசியில 2017இல 1.12 பில்லியன் டொலருக்கு 99 வருசக் குத்தகைக்குக் குடுத்தாச்சு, அந்தக் குத்தகைக் காசு வந்ததால துறைமுகத்துக்கு எடுத்த சீனக் கடன் தீர்ந்தது எண்டு கனபேர் நினைக்கிறாங்க, அது அப்பிடியே இருந்தது, காசு நாட்டின்ட டொலர் கையிருப்புக்குத்தான் போனது. மற்றப் பக்கத்தில கொழும்பு மாலபே இலகு ரயில் திட்டத்துக்கு ஜப்பான் 0.1 வீத வட்டிக்கு, 40 வருசத் தவணையில கடன் தர ஒத்துக்கொண்டது, கிட்டத்தட்ட 1.5 பில்லியன் டொலர் திட்டம், 2020 செப்டம்பரில செலவு கூட எண்டு சொல்லி ரத்து செய்தாங்க. 6.3 வீதத்துக்கு எடுத்து கப்பல் தேடின நாடு 0.1 வீதத்துக்கு வந்த ரயிலை வேண்டாம் எண்டு சொன்னது. இதில எந்தக் கணக்குப் பார்த்தாங்க எண்டு எனக்கு இண்டை வரைக்கும் விளங்கல்ல. ஒரு திட்டத்தில எத்தனை பேர் தினமும் போவாங்க, அது தன்ட கடனை எப்ப கட்டும், கட்டாட்டி ஆர் கட்டுறது, இந்த மூண்டு கேள்வியையும் கடன் பத்திரத்தில கையெழுத்து வைக்க முன்னம் பாராளுமன்றத்தில கேட்டிருந்தா பாதி வந்திருக்காது.

இனி நான் உண்மையில எழுத வந்த விசயத்துக்கு வாறன். நாடு கடன் கட்டமாட்டம் எண்டு சொன்ன உடன வெளிநாட்டுக் கடனில நடந்துகொண்டிருந்த வேலைகள் அப்பிடியே நிண்டது. கடன் கட்டாத நாட்டுக்கு அடுத்த தவணையை எவன் விடுவான். கடவத்தையில இருந்து மீரிகம வரைக்கும் 37 கிலோமீற்றர் அதிவேகப் பாதை சீனக் கடனில நடந்தது, நிண்டது, திரும்ப 2025 செப்டம்பரில தொடங்கினாங்க, ஜனாதிபதி போனார், ரீவியில காட்டினாங்க. பெரிய வேலை நிண்டா எல்லாரும் கதைப்பாங்க, தொடங்கினா எல்லாரும் படம் எடுப்பாங்க. சின்னப் பாலம் நிண்டா?

கிண்ணியா குறிஞ்சாக்கேணியை மறந்திட்டமா? பழைய பாலத்தை உடைச்சுப் புதுசு கட்டத் தொடங்கினது 2021இல. கட்டி முடியும் வரைக்கும் சனம் போக ஒரு இழுவைப் பாதை. பாலம் உடைக்க முன்னமே சரியான மாற்று வழி போட்டுக் குடுக்கிறதுதான் முறை, அதுக்கும் காசுதான் வேணும், அந்தக் காசை ஆரும் எஸ்டிமேட்டில பெரிசா நினைக்கல்ல. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில பள்ளிக்கூடம் போற நேரம் அந்தப் பாதை தாண்டது. சின்னப் பிள்ளைகள் வெள்ளை யூனிஃபோமோட தண்ணிக்குள்ள. அண்டைக்கு கிண்ணியாவில கடை திறக்கல்ல, வீட்டுக்கு வீடு வெள்ளைக் கொடி, திருகோணமலை ரவுணிலயும் சனம் அழுதது, தமிழ் முஸ்லிம் சிங்களம் எண்டு ஒரு வித்தியாசமும் இருக்கல்ல. கொழும்பில இருந்து வந்தாங்க, விசாரணை எண்டாங்க, பாலத்தைக் கெதியா முடிப்பம் எண்டாங்க. ஆறு மாசம் போகல்ல, நாடே வங்குரோத்து. பிள்ளைகள் செத்த இடத்தில பாலம் வேலை நிண்டு கிடந்தது. அந்தப் பாலம் எண்டுறது நூறு மீற்றர் சொச்சம்தான் ஐயா. அதிவேகப் பாதையில ஒரு கிலோமீற்றருக்கு ஆகிற செலவோட ஒப்பிட்டா அது ஒரு காசே இல்ல. எல்லாக் கடனையும் ஒரே பட்டியலில போட்டு எல்லா வேலையையும் ஒரே நாளில நிப்பாட்டினா, ஆக நொந்துபோறது வேற வழி இல்லாத ஆக்கள்தான். கொழும்புக்காரனுக்கு அதிவேகப் பாதை இல்லாட்டி பழைய ரோட் இருக்கு, ஒரு மணித்தியாலம் கூடப் போகும் அவ்வளவுதான். குறிஞ்சாக்கேணிப் பிள்ளைக்கு பாலம் இல்லாட்டி தண்ணிதான் இருக்கு.

என்ட முழுக் கடிதத்திலயும் நான் கேக்கிறது இதுதான். கடன் நெருக்கினா செலவைக் குறைக்கத்தான் வேணும், அதை நான் மறுக்கல்ல. ஆனா எதைக் குறைக்கிறது எண்டதுக்கு ஒரு ஒழுங்கு வேணும், வேற வழி இல்லாத இடத்துப் பாலத்திலயும் கிராமத்து பஸ்ஸிலயும் கடைசியாத்தான் கை வைக்க வேணும். இப்ப நடக்கிறது தலைகீழா, அங்கதான் முதல்ல கை வைக்கிறாங்க, ஏனெண்டா அங்க வெட்டினா சத்தம் வராது.

ஏன் அப்பிடி எண்டதையும் கொஞ்சம் விளக்கிறன், ஏனெண்டா பட்ஜெட் எண்டா என்ன எண்டு எங்கட சனத்துக்கு ஒழுங்காச் சொல்ற ஆள் குறைவு. ஐ.எம்.எஃப். எண்ட சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில 3 பில்லியன் டொலர் தர ஒத்துக்கொண்டது சும்மா இல்ல, வட்டியைத் தவிர்த்த மற்றச் செலவு எல்லாத்தையும் விட வருமானம் கூட வர வேணும், 2025இல இருந்து அந்த மிச்சம் மொத்த உற்பத்தியில 2.3 வீதம் இருக்க வேணும் எண்டது நிபந்தனை, 2032இல கடன் 95 வீதத்துக்குக் கீழ வர வேணும் எண்டது இலக்கு. 2024இல பொது நிதி முகாமைத்துவச் சட்டம் எண்டு ஒண்டும் கொண்டு வந்தாங்க, வட்டி தவிர்ந்த செலவு மொத்த உற்பத்தியில 13 வீதத்தைத் தாண்ட ஏலாது. நல்லம், கட்டுப்பாடு வேணும்தான், அது இல்லாததாலதான் இவ்வளவும் வந்தது. ஆனா அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ள சம்பளத்தை வெட்ட ஏலாது, பென்சனை வெட்ட ஏலாது, அப்ப வெட்ட லேசா இருக்கிறது மூலதனச் செலவு ஒண்டுதான், அதாவது பாலம், ரோட், பஸ் வாங்கிறது. வெட்டினம் எண்டு சொல்லவும் தேவையில்ல, ஒதுக்கிற மாதிரி ஒதுக்கிட்டு காசை விடாம இருந்தாலே போதும். பட்ஜெட் புத்தகத்தில இலக்கம் இருக்கும், திறைசேரியில இருந்து காசு வராது, வருசம் முடிஞ்சா ஒதுக்கீடும் முடிஞ்சுது.

மாகாணத்தில இது இன்னும் மோசம். ஏ, பி தர ரோட்டுகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு, சி, டி தரம் மாகாணத்துக்கு, உள் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. கிழக்கு மாகாண சபையின்ட தலைமையகம் எங்கட ரவுணிலதான் இருக்கு, ஆனா 2017 செப்டம்பரோட சபை கலைஞ்சது, அதுக்குப் பிறகு தேர்தல் நடக்கல்ல, ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்திறாங்க. மாகாணத்துக்கு தன்ட வரி வருமானம் சொற்பம், பெரும்பகுதி மத்தியில இருந்து நிதி ஆணைக்குழுவின்ட சிபாரிசில வாற காசு. மாகாணம் தானா வெளிநாட்டில போய்க் கடன் எடுக்க ஏலாது, எடுக்கவும் இல்ல. அப்ப இந்த மலைமாதிரிக் கடனில கிழக்கு மாகாண சபை கையெழுத்துப் போட்ட கடன் எவ்வளவு? ஒண்டும் இல்ல. ஆனா குறைக்கேக்க மாகாணக் காசும் சேர்ந்து குறையுது.

வாற சொற்பக் காசும் எப்ப வருது எண்டு பாருங்க. நிதியாண்டு ஜனவரியில தொடங்குது. ஒதுக்கீடு தெரிஞ்சு, எஸ்டிமேட் போட்டு, டெண்டர் கூப்பிட்டு, கொந்தராத்துக்காரர் சாமான் இறக்கேக்க அனேகமா ஆவணி புரட்டாதி. தெற்கில மேற்கில அந்த நேரம் வேற காலநிலை, எங்களுக்கு ஐப்பசியோட மாரி தொடங்கிடும், தை மட்டும் அடிக்கும். வெயில் காலம் முழுக்கக் காசு இல்லாம ரோட்டில ஒரு வேலையும் இல்ல, மழை தொடங்க காசு வந்திட்டு, டிசம்பர் 31க்கு முன்னம் பில் போட வேணும், இல்லாட்டி காசு திரும்பிப் போயிடும், அதால ஈரத்துக்கு மேல கல்லும் தாரும் கொட்டுறாங்க. அது எத்தனை மாசத்துக்கு நிக்கும்? வட கிழக்குக்கு வீதி வேலைக் காசை மாசியில விடுங்க எண்டு ஒரு சுற்றறிக்கை போதும் ஐயா, ஒரு டொலர் கடனும் தேவையில்ல. அதே காசில ரெண்டு மடங்கு காலம் ரோட் நிக்கும். இதை எத்தனையோ இஞ்சினியர்மார் தங்களுக்குள்ள கதைக்கிறாங்க, மேல எழுதிக் குடுக்கிறாங்களோ எண்டதுதான் கேள்வி.

பஸ்ஸுக்கு வருவம். 2022 ஜனவரியில ஆகக் குறைஞ்ச பஸ் கட்டணம் 17 ரூபா, அதே வருசம் ஜூலையில 40. டீசல் 121 ரூபாவில இருந்து 460க்குப் போனது. தோப்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்தில இருந்து ரவுணுக்கு வேலைக்கு வந்த எத்தனை பொம்பிளைப் பிள்ளைகள் அந்த வருசத்தில வேலையை விட்டாங்க எண்டு எந்த அரசாங்கக் கணக்கிலயும் இருக்காது. சம்பளத்தில பாதி பஸ்ஸுக்குப் போனா எதுக்கு வேலை எண்டு வீட்டில நிப்பாட்டிட்டாங்க. பிறகு கட்டணம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கினது, விட்ட வேலை திரும்பக் கிடைக்கல்ல.

சீ.ரீ.பி., அதாவது அரசாங்க பஸ், நட்டத்தில ஓடுது, அதை வித்துப் போடுங்க எண்டு சொல்ற ஆக்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். 1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவையை அரசாங்கம் எடுத்ததே தனியார் கம்பெனிகள் ஆள் கூடின ரோட்டில மட்டும் ஓடி மற்ற ஊரை விட்டதாலதான். இண்டைக்கும் அதே கதைதான். ரவுணில இருந்து கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் பிறைவேட் பஸ் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஓடும், இரவு ஏழு மணிக்குப் பிறகு வெருகலுக்கு ஒண்டு காட்டுங்க பார்ப்பம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின்ட சீசன் ரிக்கெட்டில பிள்ளை கட்டுறது ஒரு சின்னப் பங்கு, மிச்சத்தை அரசாங்கம் குடுக்க வேணும். சிசு செரிய எண்டு பிள்ளைகளுக்கு ஓடுற பஸ், கெமி செரிய எண்டு ஆள் குறைஞ்ச கிராமத்துக்கு ஓடுற பஸ், இதுகளுக்கும் நட்டத்தை அரசாங்கம் ஈடுகட்டுறது. அரசாங்கம் தான் சொன்ன வேலையை பஸ்ஸிட்டச் செய்ய வச்சிட்டு அந்தக் காசை நேரத்துக்கு விடாட்டி டிப்போவில டயர் வாங்கக் காசு இருக்காது, டயர் இல்லாட்டி பஸ் நிக்கும், பஸ் நிண்டா வருமானம் இல்ல, பிறகு பேப்பரில 'நட்டம்' எண்டு தலைப்பு. இதை நட்டம் எண்டு எழுதக் கூடாது ஐயா. ஆஸ்பத்திரி நட்டத்தில ஓடுது எண்டு ஆரும் எழுதிறதில்லத்தானே. வெருகல் பஸ்ஸுக்கு வருசத்துக்கு இவ்வளவு, புல்மோட்டை பஸ்ஸுக்கு இவ்வளவு எண்டு பட்ஜெட்டில வெளிப்படையா ஒரு வரி போடட்டும், அந்தக் காசுக்கு அந்த பஸ் ஓடினதா எண்டு நாங்க பார்ப்பம். ஓடல்ல எண்டா டிப்போவையும் கேப்பம்.

காசு எங்க இருக்கு எண்டு கேப்பாங்க. 2025 பெப்ரவரியில இருந்து கார் இறக்குமதியைத் திறந்து விட்டாங்க, அதுக்கு முன்னம் 2020 மார்ச்சில இருந்து மூடிக் கிடந்தது. அந்த வருசம் அரசாங்கத்தின்ட வரி வருமானம் ஏறினதில வாகன வரிக்குப் பெரிய பங்கு. டொலரைக் குடுத்து கார் இறக்கி அதில வாற வரியை வச்சு டொலர் கடன் கட்டத் தயாராகிறது ஒரு விசித்திரமான வழி எண்டு நான் நினைக்கிறன், சரி, வந்த காசு வந்ததுதான். அதில நூற்றுக்கு ரெண்டு மூண்டு வீதத்தை பஸ் வாங்க எண்டு சட்டத்தில எழுதி வச்சா என்ன? ஒரு கார் வாங்கிறவர் ரோட்டில எடுக்கிற இடமும் ஐம்பது பேர் போற பஸ் எடுக்கிற இடமும் எல்லாருக்கும் தெரியும். இன்னொண்டு, பெற்றோல் டீசல் லீட்டருக்கு 50 ரூபா பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின்ட பழைய கடனை அடைக்க எண்டு எடுக்கிறாங்க. காரில போறவர் கட்டுறார், மூதூர் பஸ்ஸில நிண்டுகொண்டு போற கூலித் தொழிலாளியும் ரிக்கெட் விலைக்குள்ள அதைக் கட்டுறார், மீன்பிடிக்காரர் டீசலில கட்டுறார். ஈ.பி.எஃப். எண்ட ஊழியர் சேமலாப நிதியத்தில காசு கிடக்கிற தொழிலாளி 2023இல உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு எண்ட பேரில அதிலயும் ஒரு பங்கு குடுத்தாச்சு, அவரின்ட நிதியத்திட்ட இருந்த முறிகளை 12 வீதத்துக்கும் பிறகு 9 வீதத்துக்கும் மாத்தினாங்க. அப்ப எங்கட சனம் கடனுக்குக் குடுக்காம இருக்கல்ல. குடுத்துக்கொண்டுதான் இருக்கு. குடுத்த ஆளுக்கு ஒரு பஸ் கேக்க உரிமை இருக்கு.

ரயிலைப் பற்றி ரெண்டு வரி. வடக்குக்கு இந்தியக் கடனில பாதை திருத்தி 2014 அக்டோபரில யாழ்தேவி யாழ்ப்பாணம் போனது, சந்தோசம், அது அவங்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான். எங்கட கல்லோயா திருகோணமலைப் பாதை வெள்ளைக்காரன் 1927இல திறந்தது, யானை கடக்கிற இடத்தில வேகம் குறைக்க வேணும் எண்டதும் சரிதான், ஆனா கொழும்புக்கு ஒரு பகல் ட்ரெயின் ஒழுங்கா ஓடினா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போற வயசானவங்க இரவு முழுக்க பஸ்ஸில குந்திக்கொண்டு போக வேண்டிய தேவை இல்ல. புதுப் பாதை கேக்கல்ல, இருக்கிற பாதையில பெட்டி கேக்கிறம்.

இப்ப டித்வா புயலுக்குப் பிறகு கடன் கதை திரும்பத் தொடங்கிட்டு. 2025 நவம்பர் கடைசியில வந்த வெள்ளத்தில நாடு முழுக்க ரோட்டும் பாலமும் ரயில் பாதையும் போனது, நேரடி சேதம் மட்டும் 4.1 பில்லியன் டொலர் எண்டு உலக வங்கி கணக்குப் போட்டிருக்கு. மாவிலாறு, மூதூர், வெருகல் பக்கம் மகாவலித் தண்ணி என்ன செய்தது எண்டு இந்த மாவட்டத்தில ஆருக்கும் சொல்லத் தேவையில்ல. இந்தியா கடனாவும் கொடையாவும் 450 மில்லியன் தருவம் எண்டிருக்கு, ஐ.எம்.எஃப். அவசரக் காசு 206 மில்லியன் விட்டிருக்கு, இன்னும் வரும். வரட்டும், உடைஞ்சதைக் கட்டத்தான் வேணும், இது நகையை வச்சு எஞ்சின் வாங்கிற கடன்தான். ஆனா இந்தத் தடவையாவது எந்தக் கடன் எந்தப் பாலத்துக்கு எண்டு எழுதி வைக்கட்டும். எந்த நாடு தந்தது, எத்தனை வீதம், எத்தனை வருசம், ஆர் கட்டுறது, கொந்தராத்து ஆருக்கு, எப்ப முடியும். பாலத்துக்குப் பக்கத்தில வைக்கிற போர்டில அமைச்சர்மாரின்ட படம் போடுற இடத்தில இந்த ஆறு விசயத்தையும் மூண்டு மொழியிலயும் போட்டா சனம் வாசிக்கும். பாதியில காசு நிண்டா மாற்று வழிக்கு எண்டு ஒரு தொகையை முதலே ஒதுக்கி வைக்க வேணும், அதைத் திறைசேரி வேற எதுக்கும் எடுக்க ஏலாத மாதிரி. குறிஞ்சாக்கேணியில அது இருந்திருந்தா இழுவைப் பாதையில பிள்ளைகளை ஏத்தத் தேவை வந்திருக்காது.

எங்கட மாவட்ட பாராளுமன்ற உறுப்பினர்மாரிட்ட ஒரு கேள்வி. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் கச்சேரியில நடக்குது, அதில நீங்க எல்லாரும் இருக்கிறீங்க, கட்சி என்னவா இருந்தாலும். 2022க்குப் பிறகு இந்த மாவட்டத்தில நிண்டுபோன வீதி வேலை, பால வேலை எத்தனை, ஒவ்வொண்டையும் முடிக்க எவ்வளவு வேணும், அதில எது வேற வழி இல்லாத இடம் எண்டு ஒரு பட்டியலை அடுத்த கூட்டத்தில மேசையில வையுங்க. வெருகலில இருந்து புல்மோட்டை வரைக்கும் ஒரு பட்டியல். வேற வழி இல்லாத இடம் முதல்ல, ரவுணுக்குள்ள அலங்கார வேலை கடைசியில.

ஆசிரியர் ஐயா, உங்களிட்டயும் ஒண்டு கேக்கிறன். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில ஒரு சாதாரண ஆளும் விண்ணப்பம் போடலாம், நான் எங்கட மாவட்டத்துக்கு அந்தப் பட்டியலைக் கேட்டு வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கும் மாகாண வீதித் திணைக்களத்துக்கும் வாற கிழமை எழுதப்போறன். மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்மாரும் தங்கட மாவட்டத்துக்குக் கேட்டு எழுதினா மூண்டு மாவட்டப் பட்டியலையும் சேர்த்து ஒரு பக்கம் போடுவீங்களா? பதில் வர நாள் எடுக்கும், வந்த உடன கடிதத்தின்ட பிரதியோட உங்களுக்கு அனுப்புறன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
திருகோணமலை.